காட்டுப்பறவைப் புகைப்படங்களும் ‘இயற்கைச் சூழல்’ என்னும் கருத்தும்: ஹேவாஹெட்ட மலைகளை முன்வைத்து ஒரு நோக்கு

பறவைகளை அவற்றின் இயற்கைச் சூழலிலேயே படம்பிடித்தல் வேண்டும் என்பது இன்று புகைப்படக்கலைஞர் யாவரும் ஒப்புக்கொள்ளும் நெறியாகும். ஆயின், ‘இயற்கைச் சூழல்’ என்பதன் எல்லை யாது, அதனை வரையறுப்போர் யார் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை ஹேவாஹெட்டப் பிரதேசத்தை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்று நிலையில் நோக்கும்போது, இந்நெறி முற்போக்கான ஒன்றாகவே தோன்றியது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பறவையியல் பெரிதும் துப்பாக்கியையே நம்பியிருந்தது. சுட்டு வீழ்த்திப் பாடஞ் செய்யப்பட்ட உடல்களைக் கொண்டே விவரணங்களும் ஓவியங்களும் ஆக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்த வின்சென்ற் லெக்கின் இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலும் இம்மரபினைச் சார்ந்ததே. இங்கிலாந்திலே கியற்றன் சகோதரர் 1895இல் முற்றிலும் புகைப்படங்களாலேயே விளக்கப்பட்ட பறவைக்கூடுகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டமை ஒரு திருப்புமுனையாயிற்று. மாட்டுத்தோலினுட் பதுங்கியிருந்து படம்பிடித்த அவர்கள், பறவையைக் கொல்லாமலே அறியலாம் என்பதை நிலைநாட்டினர்.

எனினும், புதிய நெறி தனக்கெனச் சில மரபுகளையும் வகுத்துக்கொண்டது. உலகப் புகைப்படச் சங்கங்கள் மூன்று இணைந்து ஏற்று 2015இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரைவிலக்கணத்தின்படி, இயற்கைப் புகைப்படத்தில் மனிதக் கூறுகள் இடம்பெறலாகாது. மனிதனால் மாற்றப்பட்ட சூழலுக்கு இசைந்துவிட்ட ஆந்தை, நாரை போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. மனிதன் இல்லாத இடமே இயற்கை என்னும் எண்ணம் இங்கே பொது விதியாகவும், மனிதனோடு கூடிய இயற்கை விதிவிலக்காகவும் அமைந்திருத்தல் கவனிக்கத்தக்கது.

தமிழ் மரபு இதனை வேறுவிதமாகக் கண்டது. தொல்காப்பியம் கூறும் கருப்பொருட் பட்டியலிலே புள்ளும் மரமும் விலங்கும், உணவும் பறையும் தொழிலும் ஒருங்கே வைத்து எண்ணப்படுகின்றன. ஒரு நிலத்தின் பறவையை அந்நிலத்து மக்களின் உழைப்பிலிருந்து பிரித்து நோக்கும் வழக்கம் திணைக் கோட்பாட்டில் இல்லை. இக்கோட்பாட்டினை இலட்சியமயப்படுத்தல் வேண்டியதில்லை. ஆயினும் ஒரு திறனாய்வுக் கருவியாக அது இன்றும் பயன்படும்.

தமிழரிடையே இத்துறையில் முதன்மையாக வைத்தெண்ணத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஆவார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். தாமே பொருத்தியமைத்த கமராவைக் கையாண்டார். 1950 தொடக்கம் தமது மறைவுவரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிய பத்தியினை எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்துள்ளார். உயிரினத்தைச் சூழலோடு சேர்த்துக் காட்டும் ஆவணமாகப் புகைப்படத்தைக் கருதியமை அவரது சாதனையாகும். அவர் ஈடுபாடு கொண்டு எழுதிய வேடந்தாங்கல் இதற்குத் தக்க களமாயிற்று. அங்கே நீர்ப்பறவைகள் கூடு கட்டும் இடம் பாசனத்துக்கென மக்கள் அமைத்த ஏரியாகும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை அறிந்த கிராமத்தார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை ஆங்கில அதிகாரிகளிடமிருந்து பெற்றுக்கொண்டனர். அவ்வூரில் உழவனை நீக்கிவிட்டுப் பறவையின் சூழலை விளக்க முடியாது.

ஹேவாஹெட்டவின் நிலை யாது? கண்டிக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள இப்பிரதேசத்தின் லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் வர்த்தக நோக்கிலான முதலாவது தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அதற்கு முன்னரே கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டிருந்தன. மலையகப் பறவைகளை முதலில் ஆராய்ந்தோருட் பலர் அக்காடுகளை அழித்த தோட்டத்துரைமாரே என்பது ஒரு முரண்பாடு. இலங்கைக்கே உரிய சீகாரப் பூங்குருவியின் விஞ்ஞானப் பெயரிலே பிளை என்னும் தோட்டத்துரையின் பெயர் நிலைத்திருக்கிறது. அப்பறவையோ, எஞ்சிய மலைக்காட்டு நீரோடைகளில் ஒதுங்கி, அழிவை எதிர்நோக்கும் இனமாகிவிட்டது.

தேயிலை மலையும் பறவைகள் அற்ற வெளியன்று. கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு, நிரைகளுக்கு மேலே தலைநீட்டும் கிளைகளில் அமர்ந்து இரைதேடும். மண்மேட்டுப் பொந்துகளில் முட்டையிடும். கொண்டைக்குருவி தேயிலைச் செடியினுள்ளேயே கூடு கட்டுவதுண்டு. கவ்வாத்து வெட்டும் காலம் அக்கூட்டின் விதியை நிர்ணயிக்கிறது. கூடு இருக்கும் செடியை முதலில் அறிபவள் கொழுந்து பறிக்கும் பெண். கூடுள்ள செடியை விட்டுவைப்பதா, வெட்டுவதா என்னும் முடிவும் பல வேளை உழைப்பவரின் கையிலேயே தங்கியுள்ளது. ஆயினும் சிறந்ததெனப் பாராட்டப்படும் படத்திலே பின்னணி பச்சை நிற மங்கலாகக் கரைந்துபோகிறது. அம்மங்கலினுள்ளே நிரையும் கூடையும் லயமும் மறைந்துவிடுகின்றன. இது வில்லையின் இயல்பு மாத்திரமன்று. ஒரு நோக்கின் விளைவுமாகும்.

இங்கே கிருஷ்ணனின் கருத்துலகையும் விமர்சன நோக்குடன் அணுகுதல் அவசியமாகிறது. மண்ணுக்குரிய மரங்களையும் உயிர்களையும் நாட்டுப்பற்றோடு இணைத்துக் கண்ட அவர், அந்நியத் தாவரங்களை வெறுத்தார். சூழலியல் அடிப்படையில் அவ்வெதிர்ப்பிற் பெரிதும் நியாயமுண்டு. ஆனால் ‘மண்ணுக்குரியது’, ‘வெளியிலிருந்து வந்தது’ என்னும் சொற்கள் மலையகத்திலே தாவரங்களோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மலைகளில் உழைத்த மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரசாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. தேயிலையைக் கொண்டுவந்தது மூலதனம். அதனைப் பயிரிட அழைத்துவரப்பட்டோர் தொழிலாளர். இரண்டையும் ‘அந்நியம்’ என ஒரே சொல்லால் அடக்குவது வரலாற்றைத் திரித்தலாகும். கிருஷ்ணன் அவ்வாறு கூறினாரல்லர். எனினும் அவருடைய சொல்லாட்சியை இம்மலைகளுக்கு எடுத்துவருவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

எனவே, பறவைப் படங்களில் மனிதரைக் கட்டாயமாகப் புகுத்தவேண்டும் என்பது எமது வாதமன்று. கூட்டருகே ஆட்கூட்டம் சேர்வதும், படத்துக்கென மறைப்புக் கிளைகளை ஒடித்துக் குஞ்சுகளை வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாக்குவதும், பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை அலைக்கழிப்பதும் கண்டிக்கத்தக்கவை. நாம் வேண்டுவது நேர்மையான சூழல் விளக்கம். பறவை அமர்ந்த கிளை தேயிலையாயின் அது தேயிலை எனக் குறிக்கப்படல் வேண்டும். கூட்டைக் காட்டித்தந்தவர் தொழிலாளியாயின் அப்பங்களிப்புப் பதிவுசெய்யப்படல் வேண்டும். மலையகத்து இளைஞர் தமது மலைகளைத் தாமே படம்பிடிக்கும் வாய்ப்பு விரிவடைதல் வேண்டும். அப்பொழுது, பறவைக்கும் அதனை நாள்தோறும் காணும் மனிதருக்குமுரிய ஒரே நிலமாக ஹேவாஹெட்ட மலை புகைப்படத்திலே இடம்பெறும்.