சமனும் நீதியும்: உற்பத்திக் கார்ப் பந்தய விதிகள் பற்றி ஒரு நோக்கு

விற்பனைக்கென உற்பத்தியாகும் கார்களைக் கொண்டு நடாத்தப்படும் பந்தயங்கள் எளியதொரு வாக்குறுதியின் மீது எழுந்தவை: ஓடுகளத்திற் காணும் வண்டி, பொதுமக்கள் வாங்கக்கூடிய வண்டியே என்பதாம். இதனைக் காக்கும் பொருட்டே, 1960களின் தொடக்கத்தில், பன்னிரண்டு மாதங்களுள் 100 கார்களேனும் கட்டப்படல் வேண்டும் எனச் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் விதித்திருந்தது.

அவ்விதிக்கு நேர்ந்த கதி சிந்தனைக்குரியது. 1962இல் வந்த பெராரி 250 ஜீ.ரி.ஓ. நாற்பதிலுங் குறைவாகவே கட்டப்பட்டது. புதிய உடற்கூடும் ஐந்துபடிக் கியர்ப்பெட்டியும் கொண்டிருந்தும், முன்னைய 250 ஜீ.ரி.யின் திருத்தவடிவம் எனக் கொள்ளப்பட்டு அது அனுமதி பெற்றது. அடுத்துவந்த 250 எல்.எம்.முக்கு அச்சலுகை மறுக்கப்பட்டது. 1994இலோ, பந்தயத்துக்கென்றே பிறந்த போர்ஷே 962, வீதிவண்டியாக மாற்றப்பெற்று, டௌவர் 962 என்னும் பெயரில் ஜீ.ரி. வகுப்பிற் புகுந்து லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. விதியின் சொல் நின்றது, பொருள் நீங்கியது.

எனவே, 2006இல் தோன்றிய ஐரோப்பிய ஜீ.ரி.3 போட்டி வேறொரு வழியை நாடியது. எடையைக் கூட்டியும் இயந்திரத்தின் வலுவைக் கட்டுப்படுத்தியும் கார்களின் வேகத்தையே சமன்செய்யும் முறை அது. இதனை முற்றாகப் புறக்கணித்தல் தகாது. முன்புற இயந்திரமுடைய காரும் பின்புற இயந்திரமுடைய காரும் ஒரே களத்தில் மோதுவதற்கு இது வழிசெய்தது. செல்வம் மிக்க நிறுவனத்தின் தனியாட்சியையும் தடுத்தது.

ஆயினும், வேகங் காட்டுவோர் மீது சுமை ஏற்றப்படுமெனின், வேகத்தை ஒளிப்பதே விவேகமாகிவிடும். 2016இல் லெ மானில் தகுதிகாண் ஓட்டம் முடிந்தபின், முன்னணியில் நின்ற போர்ட், பெராரி கார்களின் எடை கூட்டப்பட்டது. பின்தங்கிய வேறு சிலவற்றின் காற்றுவழி அகலப்படுத்தப்பட்டது. முன்னைய ஓட்டங்களில் வேகம் மறைக்கப்பட்டதோ என்ற ஐயம் அப்போது பரவலாக எழுந்தது. ஐயம் மெய்யாயின் மறைத்தவர் தவறினர். பொய்யாயின் திறமை தண்டிக்கப்பட்டது. எது மெய்யென அறியப் பார்வையாளனுக்கு வழியில்லை. உலகத் தாங்குதிறன் போட்டியின் விதிகளோ, இச்சமன்பாடு பற்றிப் போட்டியாளர் பகிரங்கமாகக் கருத்துரைப்பதையே தடைசெய்தன.

குறை இங்கேதான் உளது. சமன்செய்தல் குற்றமன்று, அதன் காரணம் மறைக்கப்படுதலே குற்றம். 250 ஜீ.ரி.ஓ.வுக்கு அளித்த சலுகையை எவரும் எண்ணிப் பார்த்துக் கண்டிக்க முடிந்தது. ஏனெனில் 100 என்னும் அளவு யாவரும் அறிந்தது. இன்றைய அளவுகோலுக்கும் அத்தெளிவு வேண்டும். மாற்றங்கள் பந்தய வாரத்துக்கு முன்னரே முடிவாகி, அவற்றின் கணிப்புகள் வெளியிடப்பட்டு, போட்டியாளர் வாய்திறக்கவும் அனுமதிக்கப்படல் வேண்டும். தோற்றவன் தன் தோல்வியின் காரணத்தை அறிய இயலாத போட்டி, எத்துணை நெருக்கமாக முடியினும், நீதியான போட்டி ஆகாது.