குரங்கணித் தீயும் ஊக்கவுரைகளும்

வாழ்வின் பொருள், மனவுறுதி, மனித உறவு பற்றிய ஊக்கவுரைகள் இன்று நம் அருளுரை மேடையிலும் இடம்பெற்றுவிட்டன. அவற்றில் அடிக்கடி எடுத்தாளப்படும் பெயர் விக்டர் பிராங்கல். ஆயினும் அம்மனநல மருத்துவர் 1946இல் வியன்னாவில் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளைப் படித்தோர் நம்மிடையே சிலரே. 2020இல் அவை ஆங்கில நூலாக வெளிவந்தன. குரங்கணியை மனத்திற்கொண்டு அவற்றை ஆராய விழைகிறோம்.

பெற்றோர், தமையன், மனைவி ஆகியோரை நாத்சி முகாம்களில் இழந்து, தாம் விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள் பேசியவர் அவர். வாழ்வு நமக்கு என்ன தரும் என நாம் கேட்பதற்கில்லை. வாழ்வே நம்மைக் கேட்கிறது, நம் செயலே விடை என்பது அவர்தம் மையக்கருத்து. ஏதேனில் ஆதாமையும், பின்னர் காயீனையும் நோக்கிக் கடவுளே வினவினார் என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உறுதியுடையோர் தப்பினர் என இத்தகைய நிகழ்வைப் பேசும் ஊக்கவுரை, மாண்டோரை உறுதியற்றோர் ஆக்கிவிடுகிறது. காய்ந்த புல்லும் காற்றும் செங்குத்தான சரிவும் எவருடைய மனத்திட்பத்தையும் கேட்டுப் பரவுவதில்லை. முகாம்களில் சிறந்தோரே திரும்பவில்லை என எழுதிய பிராங்கல் இப்பிழையைச் செய்யவில்லை; அவரை மேற்கோள் காட்டுவோர் செய்கின்றனர். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றி நம் ஆண்டவர் அத்தகைய கணக்கை மறுத்தது இவர்களுக்கு நினைவில்லை போலும்.

எனினும் பிராங்கலிடத்தும் நமக்கு ஒரு தடை உண்டு. துன்பத்தைத் தாங்குவதையே ஒரு சாதனையாக அவர் காண்கிறார். உடல் முழுதும் வெந்து கிடப்பவரிடம் இதனைச் சொல்வது மற்றொரு சுமையை ஏற்றுவதாகும். விடையளிக்க வலுவற்றவருக்கு வாழ்வு என்ன பொருள் தரும்? இரண்டாம் உரையில், தீராத மனநோயாளரைக் கொன்ற நாத்சிக் கொள்கையை மறுக்குமிடத்து, பெற்றோரின் அன்பில் அவ்வுயிருக்குள்ள மாற்றவியலாத இடத்தை அவர் சுட்டுகிறார். இங்கே பொருள் என்பது நேசிக்கப்படுவதில் இருக்கிறது. நூலிலேயே நாம் மிக மதிக்கும் பகுதி இது. மேடைகளில் எவரும் சொல்லாத பகுதியும் இதுவே. அவரும் இதனை மேலும் வளர்க்காமல் விட்டுவிட்டார். அருள் எனத் திருச்சபை அறிக்கையிடுவது இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. குரங்கணிச் சரிவில் அப்பகுதி மக்கள் முன்பின் அறியாதவரைப் போர்வைகளில் இட்டுச் சுமந்தபோது, சுமக்கப்பட்டவர் எதையும் சாதிக்கவில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். தமிழக அரசு அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அமர்த்தியது. மலையேற்ற அனுமதி, தீக்காலத்தில் காட்டுவழிகளைத் திறந்துவைத்தல் ஆகியன பற்றி எழுந்த வினாக்களுக்கு மனவுறுதி விடையாகாது. இறையியல் மாணவர் குரங்கணியைப் பற்றி அருளுரை ஆயத்தம் செய்வாராயின், ஊக்கவுரைத் தொகுப்புகளைத் திறக்குமுன் அவ்வினாக்களைப் படித்துவிட்டு வரட்டும்.