அரைச் சாண் உயரம்

தரங்கம்பாடி ராஜவீதியின் முகப்பில் டேனிஷ்காரர்கள் 1792-இல் எழுப்பிய நகரவாயிலினூடே, சென்ற பங்குனியில், நண்பரொருவரின் போர்ஷே 911 வண்டியில் நடைவேகத்தில் நுழைந்தபோதுதான், வேகத்துக்கென்றே பிறந்ததாகக் கருதப்படும் அந்தச் சிருஷ்டியின் ரசம் வேகத்தில் மட்டும் இல்லை என்பது எனக்கு விளங்கிற்று. இயந்திரம் பின்னச்சுக்கும் பின்னால், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த வாக்கில் அமைந்திருப்பதால், அதன் நாதம் நம் முதுகுக்குப் பின்னிருந்து, தவில்காரர் வலந்தலையில் சும்மா விரல் ஓட்டிப் பார்ப்பதுபோல் எழுகிறது. பழைய சுவர்கள் அதை வாங்கித் திருப்பித் தந்தபோது, நண்பர் வானொலியை அணைத்துவிட்டார்.

1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு வந்து, நடுவில் பூஜ்யம் வைக்கும் உரிமை தன்னுடையதென்று பிரெஞ்சு நிறுவனமான பியூஜோ ஆட்சேபித்ததால் 911 ஆன இவ்வண்டி, அறுபது ஆண்டுகளில் எத்தனையோ மாறியும் அந்த முதுகு வளைவை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அச்சை உடைத்துவிட்டு, மறுபடியும் அதே நடராஜரை மெழுகில் பிடிக்க உட்காரும் சுவாமிமலை ஸ்தபதியின் பிடிவாதம் அது. 2025 ஜனவரியில் துபாயின் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் குழு தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதும் இந்த வம்சத்து வண்டியில்தான்.

சங்கடங்களுக்கும் குறைவில்லை. சுங்கத் தீர்வையே வண்டியின் விலைக்கு நிகராக நிற்கும் என்பது செல்வந்தர் கவலை. வேட்டி கட்டியவன் அதில் இறங்கி ஏறுவது ஒரு தனி யோகாசனம் என்பது என் கவலை. 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலையே பெரும்பகுதி தின்று தீர்த்த கடலின் உப்புக்காற்று, இரும்பென்றும் எஃகென்றும் தராதரம் பார்ப்பதில்லை. இரவு தங்கலாமென்று நான் சொன்னதற்கு நண்பர், குழந்தையைப் பனியில் கிடத்தச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆகவே மாலையிலேயே கிளம்பினோம். திருக்கடையூருக்குப் போகும் உள்சாலையில், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டுமென்று உளுந்தங்கொடியை வழிநெடுகப் பரப்பியிருந்தார்கள். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி அரைச் சாண். காய்ந்த கொடி சூடான புகைக்குழாயில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை நண்பரின் நெற்றி வியர்வையே சொல்லிற்று. தமது இம்பாலா காரிலேயே வைக்கோல் ஏற்றினார் என்று எம். ஆர். ராதாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்தத் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அங்குலம் அங்குலமாக ஊர்ந்து அக்கரை சேர்ந்ததும், வரப்பிலிருந்த பெரியவர் எழுந்து வந்து, முதுகு வளைவையோ பளபளப்பையோ ஏறிட்டும் பாராமல், குனிந்து பின்சக்கரத்தையே சற்று நேரம் ரசித்தார்.

"நல்ல அகலம் தம்பி. இப்படியே இன்னும் ரெண்டு நடை போய்ட்டு வந்துடுங்களேன்."