பீர் பிரியர்களின் கடைசிப் புகலிடம்: கின்னஸ் மீது ஒரு விமர்சனம்

ஏர்போர்ட் பார், ஹோட்டல் லாபி பார், ஆபீஸ் பார்ட்டி நடக்கிற பெரிய ஹால். குழாயில் வருவது பட்வைசர், மில்லர் லைட், கூர்ஸ் லைட், ஓரமாக ஒரு ஹைனெகன். பீரை ரசித்துக் குடிக்கிற ஆள் இங்கே என்ன ஆர்டர் பண்ணுவார்? வேலை விஷயமாக அமெரிக்கா போய் வந்துகொண்டிருந்தபோது இந்தக் கேள்வியை நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். அதிகம் வந்த பதில் ஒன்றுதான்: "கின்னஸ் இருக்கான்னு பார்ப்பேன்." அதற்கு அடுத்து சியரா நெவாடா பேல் ஏல், சாமுவேல் ஆடம்ஸ். அதுவும் இல்லையா, விஸ்கி. இல்லாட்டி வெறும் சோடா.

இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மட்டமான மெனுவில் தேறுவது எது என்று முடிவு பண்ணுகிற வேலை எல்லோருக்கும் உண்டு. அந்த "கின்னஸ்" பதில் எவ்வளவு தூரம் சரி, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பன்னிரண்டு குழாய், இரண்டு முதலாளி

முதலில் மெனு ஏன் இப்படி இருக்கிறது? அமெரிக்காவில் மதுவிலக்கு 1933ல் முடிந்தபோது, பெரும்பாலான மாநிலங்களில் மூன்றடுக்கு முறை வந்தது. காய்ச்சுகிறவர் விநியோகஸ்தருக்கு விற்கணும், விநியோகஸ்தர் பாருக்கு விற்கணும். பார்காரர் கண்ணில் படுவது விநியோகஸ்தரின் பட்டியல்தான். அதில் பெரிய கம்பெனிகளின் சரக்கு முன்னால் நிற்கும்.

குழாய்களின் கைப்பிடியில் வேறு வேறு பெயர் இருந்தாலும் ஏமாந்துவிட வேண்டாம். சிகாகோவின் கூஸ் ஐலண்டை ஏபி இன்பெவ் 2011ல் வாங்கிவிட்டது. சியாட்டிலின் எலிசியன் 2015ல் அதே கைக்குப் போனது. கலிஃபோர்னியாவின் லகுனிடாஸ் 2017 முதல் முழுக்க ஹைனெகனுடையது. புளூ மூன் பிறந்ததே கூர்ஸ் கம்பெனிக்குள்தான். எண்ணிக்கை ஜாஸ்தி, தேர்வு கம்மி.

பீர் எப்படிக் கெடுகிறது

அந்த நிலையில் நாம் கேட்க வேண்டியது "எது சிறந்த பீர்" என்பதல்ல, "எது இங்கே கெடாமல் வந்து சேர்ந்திருக்கும்" என்பது. பீருக்கு மூன்று எதிரிகள்.

ஒன்று, வெளிச்சம். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள் வெயில் பட்டால் சிதைந்து ஒரு கந்தகச் சேர்மமாகிறது. ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சி அடிக்கும் நாற்றத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி வாசம். பழுப்பு பாட்டில் ஓரளவு காப்பாற்றும். ஹைனெகனின் பச்சை, கொரோனாவின் வெள்ளை பாட்டில்களை நம்ப முடியாது. கேனுக்கும் பீப்பாய்க்கும் இந்தக் கவலை கிடையாது.

இரண்டு, காலம். ஐ.பி.ஏ. மாதிரி ஹாப்ஸ் வாசத்தை நம்பி நிற்கும் பீர்களுக்கு வயசானால் வாசம் போய் வெறும் கசப்பு மிஞ்சும். இன்னும் நாளானால் ஈர அட்டைப்பெட்டி வாசம்.

மூன்று, குழாய் லைன். பீப்பாயிலிருந்து கைப்பிடி வரை வரும் லைனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்முறை விதி. கழுவாவிட்டால் வெண்ணெய் வாசமோ வினிகர் புளிப்போ எட்டிப் பார்க்கும்.

அதனால்தான் கூட்டமில்லாத பாரில் இருபது குழாய் என்றால் நான் சந்தோஷப்படுவதில்லை. இரண்டு மாசப் பழைய ஐ.பி.ஏ.வைவிட, நேற்று பீப்பாய் மாற்றிய சாதா லாகர் மேல். வேகமாக விற்கிற பீர் புதுசாக இருக்கும். ஓடுகிற ஓட்டலில் சாம்பார் சூடாக இருக்கிற அதே கணக்கு.

கின்னஸ் ஏன் ஜெயிக்கிறது

இந்த மூன்று பரீட்சையிலும் கின்னஸ் டிராஃப்ட் சுலபமாகத் தேறுகிறது. பீப்பாயில் வருவதால் வெளிச்சம் படாது. பாஸ்ச்சரைஸ் செய்த சரக்கு. வாசத்தை ஹாப்ஸ் தலையில் கட்டாமல், வறுத்த பார்லியை நம்பி நிற்கிறது. நாள் பட்டாலும் ஐ.பி.ஏ. அளவுக்கு அடி வாங்காது.

அதற்கு மேல் நைட்ரஜன். 1959ல் மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் கின்னஸுக்குள் இருந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் போகிற இடத்தில் நைட்ரஜன் பெரும்பங்காகக் கலந்த வாயு. நைட்ரஜன் பீரில் லேசில் கரையாது. சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகப் பீரை நெருக்கித் தள்ளும்போது பொடிக் குமிழாக வெளியேறி, அந்த கிரீம் மாதிரி நுரையாக மேலே படிகிறது. வாயில் அமில உறைப்பு குறைந்து வழுவழுப்பு வருகிறது.

"கின்னஸா? அது ஒரு வேளைச் சாப்பாடாச்சே" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு தகவல். கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம், பட்வைசரில் 5. பன்னிரண்டு அவுன்ஸுக்கு கின்னஸ் சுமார் 125 கலோரி, பட்வைசர் சுமார் 145. கறுப்பு நிறமும் வழுவழுப்பும் சேர்ந்து நம்மை ஏமாற்றுகின்றன.

நம்பகத்தன்மை அந்தக் கம்பெனிக்குப் பழைய பழக்கம். புள்ளியியல் படித்தவர்களுக்கு 'ஸ்டூடண்ட்' டி-டெஸ்ட் தெரிந்திருக்கும். அந்த ஸ்டூடண்ட், டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். பார்லி, ஹாப்ஸ் தரத்தை நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்து எப்படி முடிவு கட்டுவது என்பதுதான் அவருடைய பிரச்சனை. சொந்தப் பெயரில் எழுத கம்பெனி விடாததால் 1908ல் புனைபெயரில் கட்டுரை வந்தது. தரம் என்றால் அளந்து பார்ப்பது என்று அப்போதே புரிந்துகொண்ட ஆலை அது.

எங்கே இடிக்கிறது

இனி குறை. நைட்ரஜன் குறையை மட்டும் மறைப்பதில்லை, வாசத்தையும் சேர்த்து அமுக்குகிறது. கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள்தான் வாசத்தை மூக்குக்குத் தூக்கி வருபவை. அவை குறைந்தால் வறுத்த பார்லியின் காபி வாசமும் அடங்கிப்போகும். முதல் வாய் நன்றாக இருக்கும். பாதி கிளாஸ் தாண்டியதும் சொல்வதற்கு அதனிடம் வேறு செய்தி இல்லை. "நல்லா இருக்கு" என்பதும் "தப்பா இல்லை" என்பதும் வேற வேற. கின்னஸ் டிராஃப்ட் இரண்டாவது வகையில் உலக சாம்பியன்.

அதே கம்பெனியின் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். 1801ல் வெஸ்ட் இண்டீஸுக்குக் கப்பலில் அனுப்பக் காய்ச்சிய போர்ட்டரின் வாரிசு. தூரப் பயணம் தாங்க ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடுதல், இன்று 7.5 சதவீதம். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதத்தில் அதே வம்சத்தைச் சேர்ந்தது. இவையும் கெடாமல் வந்து சேரும் பீர்கள்தான். ஆனால் ருசியை அடக்கி வைத்து அல்ல, ருசியைக் கூட்டி.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது பீரில் இல்லை, நம் ஆர்டரில் இருக்கிறது. சாஃப்ட்வேர்காரனாக இதை இப்படித்தான் பார்க்கிறேன்: பிழையைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டுபிடித்த பயனர் புகார் எழுதமாட்டார். பில் மெஷினில் "கின்னஸ் 1" என்று பதிவாகும்போது, வேறு வழியில்லாமல் வாங்கினோம் என்பது பதிவாகாது. பார்காரர் படிக்கும் செய்தி, "மெனு சரியாத்தான் இருக்கு." நல்ல மாற்று ஒன்று கையில் இருக்கிற வரை மோசமான மெனு திருந்த வேண்டிய அவசியமே வராது.

புகார் சொன்னவர்கள்

1971ல் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குப் போன நாலு இளைஞர்கள், தங்கள் ஊரில் வாட்னீஸ் ரெட் பேரல் மாதிரி சப்பென்ற பீர் எல்லா பப்பையும் பிடித்துக்கொண்டதில் கடுப்பாகி ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் கேம்ரா. ஆரம்பித்த இடம் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்து மேற்குக் கோடியில், டன்குவின் ஊரில் ஒரு பார். கின்னஸ் தேசத்திலேயே உட்கார்ந்து, 'இது போதும்' என்று சமாதானம் ஆகாதவர்கள். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிற காஸ்க் பீர் இங்கிலாந்தில் பிழைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. அந்த பீர் திறந்தால் மூன்று நாளில் விற்றுத் தீர வேண்டும். இப்போது அதை ஈயடிக்கும் பப்பில் எட்டு பம்பு வைத்துப் புளிக்க விடுகிறவர்களும் உண்டு. விதவிதமாகக் கேட்டால் மட்டும் போதாது என்பதற்கு அது ஒரு பாடம்.

அமெரிக்கக் கதை இன்னும் தெளிவு. 1970களின் கடைசியில் அங்கே நூறு ஆலைகூட இல்லை. 1980ல் சியரா நெவாடா பேல் ஏல், 1984ல் சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர் வந்தன. அன்று அவை கலகம். கேட்டு வாங்கினவர்கள் இருந்ததால் விநியோகஸ்தர் பட்டியலில் ஏறின. இன்று ஏர்போர்ட் பாரில் வேறு வழியில்லாதவனின் ஆர்டராக நிற்கின்றன. ஆலைகள் 9,000க்கு மேல். கடைசிப் புகலிடத்தின் தரமே உயர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால், பழுப்பு பாட்டிலில் ஈஸ்ட்டோடு வரும் சியரா நெவாடா, தேதி புதுசாக இருந்தால், கின்னஸ் டிராஃப்டைவிட நல்ல ஆர்டர்.

குரல் மேலே போகாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊரே உதாரணம். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் ஒன்றிடம்தான். கவுண்டரில் முதல் கேள்வி பிராண்ட் இல்லை, "கூலிங் இருக்கா?" என்பதுதான். அது முட்டாள்தனம் இல்லைங்க. குளிர்ச்சி நாக்கை மரக்க வைத்து எல்லாக் குறையையும் மூடிவிடும். அங்கே குளிர்ச்சிதான் கின்னஸ்.

ஆக, என் வரிசை இது: முதலில் "லோக்கல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்பேன். இல்லை என்று தெரிந்தாலும் கேட்பேன். பிறகு பாட்டிலிலோ கேனிலோ தேதி பார்ப்பேன். பிறகு எது வேகமாக ஓடுகிறது என்று விசாரிப்பேன். கின்னஸ் நாலாவது. அந்த முதல் கேள்விக்குக் காசு கிடையாது. பில்லில் ஏறாத செய்தி பார்காரர் காதிலாவது ஏறும்.