தம்மை எண்ணாத சீடர்கள்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அது தகும். எனினும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க வேண்டிய அவரது நூல் 'பரமார்த்த குருவின் கதை'யே என்பது என் கருத்து. 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறிய இவ்வுரைநடை நூலை வெறும் நகைச்சுவை என்று ஒதுக்கிவிட்டோம்.

பயணத்தில் விழும் பொருள்களுள் எவற்றை எடுக்க வேண்டும் என்று சீடர்களிடம் ஓலைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. குதிரையிலிருந்து குருவே குழியில் விழுகிறார். பட்டியலில் அவர் இல்லை. ஆகவே அவரைத் தூக்கவில்லை! இவர்கள் மூடர்கள் என்பதைவிட, கீழ்ப்படிதல் ஒன்றே கற்பிக்கப்பட்டவர்கள் என்பது பொருந்தும். மறைக்கல்வி வகுப்பில் விடையை மாறாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கே பரிசளித்து வந்த எனக்கு இது உறுத்துகிறது.

ஆற்றைக் கடந்தபின் ஆள் எண்ணும் பகுதியே நூலின் சிகரம். எண்ணுகிறவன் மற்றவர்களை எல்லாம் எண்ணுகிறான்; தன்னை விட்டுவிடுகிறான். தோழர் என்ன நினைப்பர் என்றே கணக்கிட்டு, தன் விருப்பத்தையும் ஐயத்தையும் கணக்கில் சேர்க்கத் துணியாத வளரிளம் பருவம் இதில் அப்படியே தெரிகிறது.

முனிவர் காட்டும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை. வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவரையும் முதுகில் அடித்து எண்ணிக் காட்டுகிறான். அதற்குப் பணமும் பெறுகிறான். இதை வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தனர். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, "அடிக்காமலே பேரைக் கேட்டிருக்கலாமே, சாமி?" என்றாள்.