அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் சூழலியல் அறம்: இரு கதைகளின் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சூழல் சீர்கேட்டிற்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாவை அறிவியல் புனைவுத் தொடர்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 'டாக்டர் ஹூ' தொடரின் 'த கிரீன் டெத்' (1973), 'ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்' (1993) ஆகிய இரு கதைகளும் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, தொலைக்காட்சி, சூழலியல், அறம், பொறுப்பு

முன்னுரை

தொடர்கதையில் நாயகர்கள் வாரந்தோறும் மீண்டு வர வேண்டும். அவர்களது கருவிகளும் மாறாதிருக்க வேண்டும். சூழலியல் அறமோ வாழ்முறை மாற்றத்தைக் கோருவது. இம்முரண்பாட்டை இவ்விரு கதைகளும் வெவ்வேறு வகையில் கையாள்கின்றன.

புறத்தே நிற்கும் குற்றவாளி

பிபிசி ஒளிபரப்பிய 'த கிரீன் டெத்' ஆறு பகுதிகளைக் கொண்டது. நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், குளோபல் கெமிக்கல்ஸ் என்னும் கற்பனை நிறுவனம் கச்சா எண்ணெயிலிருந்து கூடுதல் பெட்ரோல் எடுக்கிறது. அதன் நச்சுக்கழிவு கைவிடப்பட்ட சுரங்கத்தில் கொட்டப்படுகிறது. கழிவைத் தீண்டியவர்கள் உடல் பச்சையாக ஒளிர மடிகின்றனர். புழுக்கள் பேருருக் கொள்கின்றன.

வேலை வேண்டிய தொழிலாளர்களுக்கும் சூழல் காக்க முனையும் பேராசிரியர் ஜோன்ஸ் குழுவினருக்கும் இடையிலான பிணக்கே இக்கதையின் வலிமையான பகுதி. பிழைப்பை இழந்த ஊருக்கு நிறுவனத்தின் வாக்குறுதி இனிப்பதைக் கதை ஏளனம் செய்யவில்லை. எனினும் இறுதியில் பழி முழுவதும் மனித மனங்களை அடிமைப்படுத்தும் 'பாஸ்' என்னும் கணினிமேல் விழுகிறது. நிறுவனத் தலைவர் ஸ்டீவன்ஸ் மனம் தெளிந்து அதனை அழித்துத் தாமும் மாய்கிறார். மலிவான பெட்ரோல் உலகிற்குத் தேவை எனத் தொடக்கத்தில் கருதும் பிரிகேடியர் தம் கருத்தை மறுஆய்வு செய்ய நேரவில்லை. தீயவன் அழிந்தான், தேவை அழியவில்லை.

அகத்தே உறையும் குற்றம்

'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்' கதையில் தீயவர் எவருமில்லை. விண்கலங்களை ஒளியினும் விரைவாகச் செலுத்தும் வார்ப் இயந்திரமே விண்வெளியைச் சிதைக்கிறது என்கிறார் செரோவா என்னும் அறிவியலர். அவரது முந்தைய எச்சரிக்கை போதிய சான்றில்லை எனத் தள்ளப்பட்டிருந்தது. இறுதியில் தம் கலத்தை வெடிக்கச் செய்து, உயிர் கொடுத்துத் தம் கூற்றை அவர் மெய்ப்பிக்கிறார். சான்று கேட்போர் அழிவு நிகழும்வரை காத்திருப்பர் என்னும் கசப்பான உண்மை இங்குப் புலனாகிறது.

இயந்திரத் திறனைப் பெருக்குவதில் மற்றொரு கலத்தின் பொறியாளருடன் ஜார்டி போட்டியிடும் காட்சிகள் முதற்பாதியில் நீள்கின்றன. இவை கதையின் வேகத்தைக் குறைப்பினும் பொருளற்றவை அல்ல. தம் தொழிலை நேசிக்கும் நல்லவரே அழிவின் கருவியாவதை அவை உணர்த்துகின்றன. வாழ்நாளெல்லாம் தாம் நேசித்த விண்வெளியைத் தாமே சிதைத்திருக்கலாம் எனக் கேப்டன் பிக்கார்டும் வருந்துகிறார். அவசரநிலை தவிர வார்ப் 5-ஐ மீறலாகாது எனக் கூட்டமைப்பு விதிக்கிறது. ரோமுலர்கள் இதனை ஏற்கமாட்டார்கள் என்னும் வோர்ஃபின் கூற்று, ஒருவர் மட்டும் கட்டுப்படுவதன் பயன் யாது என்ற வினாவை எழுப்புகிறது.

விதியும் விலக்கும்

இவ்விதியின் பிற்கால நிலை கருதத்தக்கது. அதே பருவத்தின் 'த பெகாசஸ்' கதையிலேயே வேக வரம்பை மீற அனுமதி வழங்கப்படுகிறது. விதி நினைவுகூரப்படுவதே விலக்களிப்பதற்காக என்றாகிறது. சாகசக் கதைக்கு அவசரநிலை அன்றாடம் என்பதால், விலக்கே வழக்கமாகும் வாய்ப்பு அவ்விதியிலேயே அமைந்துள்ளது.

முடிவுரை

முதற்கதை குற்றவாளியைக் காட்டிப் பார்வையாளரை விடுவிக்கிறது. இரண்டாவது பார்வையாளரையும் குற்றத்தில் சேர்க்கிறது. கலைநேர்த்தியில் முன்னதும் அறத்தெளிவில் பின்னதும் மேம்பட்டு நிற்கின்றன. தொடர் தன் விதியைத் தானே காக்க இயலாமற்போனது படைப்பின் குறையே. ஆயினும், வசதியைத் துறக்க ஒப்புக்கொண்டபின் விலக்குத் தேடும் சமுதாயத்தின் இயல்பை அக்குறை, கதை கருதாமலேயே, உண்மையாகக் காட்டிவிடுகிறது.