ஐபி மதிப்பெண் யாருக்குப் போடுகிறார்கள்?

திருவான்மியூரில் உட்கார்ந்துகொண்டு ஆறு பேருடைய பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் பகுதிநேரப் பிழைப்பு. ஒரு புடவைக் கடை, ஒரு பரதநாட்டிய வகுப்பு, வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுக்கும் ஒரு அக்கா, இப்படி. போன மார்கழியில் ஒருநாள் காலையில் மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. 'வழக்கத்துக்கு மாறான செயல்பாடு' என்று ஒரு வரி, அவ்வளவுதான். நாட்டிய வகுப்பின் நிகழ்ச்சி இரண்டு நாளில். டீச்சர் போன் பண்ணி, "என்னப்பா, நம்ம பக்கமே காணோமே, பேரன்ட்ஸ் எல்லாம் கேக்கறாங்க" என்றார். என்ன சொல்றதுன்னே தெரியலை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள். உங்கள் ஐபியின் தரத்தைச் சோதியுங்கள். மதிப்பெண் மோசமாக இருந்தால் 'சுத்தமான' வீட்டு ஐபி வாங்குங்கள். கணக்குக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். சோதித்தேன். ஒரு தளம் பச்சை காட்டியது, இன்னொன்று மஞ்சள், மூன்றாவது சிவப்பு. ஒரே முகவரி, ஐந்து நிமிட இடைவெளி. ரத்தத்தை மூணு லேபில் கொடுத்து மூணு விதமா ரிப்போர்ட் வந்தா, முதல்ல லேபைத்தானே சந்தேகப்படுவோம்? நான் அன்று அதைச் செய்யவில்லை. பயத்தில் ஒரு மாதத்துக்குப் பணம் கட்டி ப்ராக்ஸி வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐபி முகவரிக்கு நல்லவன், கெட்டவன் என்று பெயர் வைக்கும் பழக்கம் மின்னஞ்சலில் தொடங்கியது. 1997-ல் பால் விக்ஸி குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளுக்கு ஒரு தடைப்பட்டியல் ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு ஸ்பாம்ஹாஸ் வந்தது. அன்றைக்கு அது நியாயமான யோசனை. ஒரு முகவரி என்றால் ஒரு சர்வர். சர்வருக்கு ஒரு சொந்தக்காரர். அவர் சரியில்லை என்றால் கதவைச் சாத்தலாம்.

நம் வீட்டு இணைப்பின் கதை வேறு. பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுக்க மொத்தம் சுமார் 429 கோடிதான். ஆசியாவுக்குப் பங்கிட்டுத் தரும் ஏப்னிக் அமைப்பின் கையிருப்பு 2011 ஏப்ரல் 15-ல் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. கோடிக்கணக்கானவர்கள் கைபேசியில் இணையத்துக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. அதனால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜி-நாட் என்று பெயர். உள்ளே பயன்படுத்திக்கொள்வதற்காகவே 100.64-ல் தொடங்கி 100.127 வரை ஒரு தனித் தொகுதியை 2012 ஏப்ரலில் ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்பு முகவரி இந்தத் தொகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சோதனைத் தளம் காட்டும் முகவரி உங்களுக்கு மட்டும் உரியதில்லை. முகப்பேர்ல ஒருத்தர், மேடவாக்கத்துல ஒருத்தர், நீங்க, எல்லாருக்கும் அதே முகவரியா இருக்கலாம்.

அதில் யாரோ ஒருவர் குப்பைக் கணக்குகள் திறந்தால் மதிப்பெண் எல்லோருக்கும் விழும். அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்காரர் கடன் கட்டவில்லை என்று மொத்தக் கட்டிடத்துக்கும் கடன் மறுப்பது மாதிரி. இது யாரும் எதிர்பார்க்காத விளைவு இல்லை. முகவரிப் பகிர்வால் வரும் சிக்கல்களைப் பட்டியலிட்டு 2011 ஜூனிலேயே இணையப் பொறியாளர்கள் ஓர் ஆவணம் வெளியிட்டார்கள், எண் 6269. ஒருவர் செய்ததற்கு மற்றவர்கள் தடைப்பட்டியலில் சிக்குவது அதிலேயே இருக்கிறது.

சிவப்பு காட்டிய தளத்தின் விவரத்தைப் பிரித்துப் பார்த்தேன். காரணம், ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் என் முகவரி இருந்தது. அந்தப் பட்டியலில் இருப்பது குற்றமே கிடையாது. 'இவை சாதாரண வாடிக்கையாளர் இணைப்புகள், இங்கிருந்து நேரடியாக அஞ்சல் சர்வர் ஓட்டக்கூடாது' என்பதற்கான பட்டியல் அது. உலகம் முழுக்க வீட்டு இணைப்புகள் அதில் இருக்கும். இன்ஸ்டாகிராமில் புடவைப் படம் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சிவப்பு எழுத்தில் 'தடைப்பட்டியலில் உள்ளது' என்று வந்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? கீழேயே ப்ராக்ஸி விற்கும் பொத்தான் வேறு.

சோதனையே வீண் என்று சொல்ல வரவில்லை. மூன்று விஷயம் அதில் உருப்படியானது. முகவரி வீட்டு இணைப்புக்கு உரியதா, தரவு மையத்துக்கு உரியதா என்பது ஒன்று. எந்த ஊர் என்று காட்டுகிறது என்பது இரண்டு. சென்னையில் இருந்துகொண்டு வேறு ஊராகத் தெரிந்தால், பாதுகாப்புக் கேள்வி ஏன் வருகிறது என்று புரிந்துவிடும். எந்தப் பட்டியலில், என்ன காரணத்துக்காக இருக்கிறது என்பது மூன்று. இவற்றை மட்டும் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை போடும் அந்த ஒற்றை எண்ணை விட்டுவிடுங்கள்.

கணக்குக்கு ஒரு ஐபி வாங்கினால் தப்பிக்கலாம் என்ற பேச்சும் அரைகுறைதான். மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதம் தங்கள் அமைப்புகளின் அடையாளத்தாலேயே தனித்துத் தெரிந்தன. குக்கீயும் வேண்டாம், ஐபியும் வேண்டாம். ஒரே உலாவியிலிருந்து காலையில் சென்னை, மதியம் வேறொரு ஊர் என்று நுழைந்தால் சந்தேகம் கூடத்தான் செய்யும். எனக்கு அதுதான் நடந்தது. ப்ராக்ஸி போட்ட அன்று மாலையே நாலாவது கணக்கும் பூட்டிக்கொண்டது.

தளங்கள் இவ்வளவு கெடுபிடி காட்டுவதற்கும் காரணம் உண்டு. 2019 ஏப்ரல் 1, மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, காங்கிரஸின் ஐடி பிரிவோடு தொடர்புடைய தனிநபர்களின் 687 பக்கங்களையும் கணக்குகளையும், சில்வர் டச் என்ற ஐடி நிறுவனத்தோடு தொடர்புடையவர்களின் 15-ஐயும் பேஸ்புக் நீக்கியது. எழுதிய விஷயத்துக்காக இல்லை, நடத்தைக்காக நீக்கினோம் என்றார்கள். யார் நடத்துகிறார்கள் என்பதை மறைத்ததுதான் அங்கே குற்றச்சாட்டு. இதைப் படித்தபோது சுருக்கென்றது. மறைக்க ஒன்றுமே இல்லாத நான், காசு கொடுத்து மறைக்கிறவன் வேஷம் போட்டிருக்கிறேன்.

இந்தச் 'சுத்தமான வீட்டு ஐபி' எங்கிருந்து வருகிறது? எல்லாமே திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 வலையைப் பாருங்கள். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன் மென்பொருளை நம்பி நிறுவியவர்களின் வீட்டுக் கணினிகள் அது. 1.9 கோடி ஐபி முகவரிகள். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலே அவர்கள் இணைப்பு வாடகைக்குப் போயிருக்கிறது, மோசடிக்காரர்களிடம்.

சாப்பாட்டு அக்கா வீட்டு இணைப்பைச் சோதிக்கப் போன அன்று இது நினைவுக்கு வந்தது. மூன்று தளத்திலும் சிவப்பு. "தம்பி, நான் ஒண்ணுமே பண்ணலப்பா, சாம்பார் படம்தான் போட்டேன்" என்றார். பையனுடைய போனில் விளையாட்டுக்காக இரண்டு இலவச விபிஎன் செயலிகள். நீக்கச் சொன்னேன். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அவர் முகவரியும் பகிர்வு முகவரிதான். ஆனாலும் நான் வாங்கியிருந்த 'சுத்தமான' ஐபி இப்படி இன்னொரு ஊர் அக்காவின் வீடாக இருக்கலாம் என்று தோன்றிய பிறகு மனசு ஒப்பவில்லை. அன்றே ப்ராக்ஸியைக் கழற்றிவிட்டேன். மீதி நாளுக்குப் பணம் திரும்பி வரவில்லை.

பிறகு செய்தது ரொம்பச் சாதாரணம். கணக்குகளை அவரவர் போனில், அவரவர் வீட்டு இணைப்பிலேயே அடையாளச் சான்று காட்டி மீட்டோம். ஆறு கடவுச்சொல்லையும் நான் வைத்திருந்த பழக்கத்தை விட்டேன். பக்கங்கள் உரிமையாளர் பெயரிலேயே இருக்கின்றன. எனக்கு என் ஒரே கணக்கிலிருந்து நிர்வகிக்கும் அனுமதி மட்டும். எல்லாவற்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. அதற்கப்புறம் ஒன்றும் பூட்டவில்லை, நானும் மதிப்பெண் பார்க்கவில்லை.

நாட்டிய வகுப்பின் பக்கம் திரும்பி வந்தபோது நிகழ்ச்சி முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அழைப்பிதழுக்குப் பதிலாகப் புகைப்படங்கள் போட்டோம். பாதி நாற்காலி காலியாக இருந்ததை டீச்சர் இன்றுவரை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. படத்திலேயே தெரிகிறது.